தோசை மாஸ்டரும் பேஸ்பால் பிட்சரும்: 14 அணி மாறிய ஒரு பிழைப்பு எப்படி இயங்குகிறது?

மாலை ஆறரை மணிக்கு ஒரு நடுத்தர டிபன் ஹோட்டலின் உள்கட்டில் நின்று பாருங்கள். அந்த வியாபாரம் எதை நம்பி ஓடுகிறது என்பது புரிந்துவிடும். மாவு முந்தின நாளே ஆட்டிப் புளிக்க வைத்தது. சாம்பாரும் சட்டினியும் மதியமே தயார். அந்த நேரத்தில் ஒருவருடைய கையால் மட்டுமே ஆகவேண்டிய வேலை கல்லில் தோசை ஊற்றுவது. சப்ளையர் "ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்" என்று குரல் கொடுக்கக் கொடுக்க மாஸ்டர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அவர் கை ஓய்ந்தால் சப்ளையர் நிற்பார், மேஜை நிற்கும், கல்லாவும் நிற்கும். நல்ல தோசை மாஸ்டருக்கு எப்போதும் கிராக்கி இருப்பதும், அவர் கடை மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

அமெரிக்க பேஸ்பாலில் இந்த இடம் பிட்சருடையது. மட்டையோடு நிற்கும் பேட்டரை நோக்கிப் பந்தை எறிபவர் அவர். அவர் எறிந்தால்தான் மற்ற எல்லாம் தொடங்கும். அந்த வேலையைச் செய்துகொண்டு ஊர் ஊராய்ப் போன ஒருவரின் கதையை எடுத்துக்கொள்வோம். எட்வின் ஜாக்சன் 2003 முதல் 2019 வரை மேஜர் லீக் எனப்படும் முதல்தர அமைப்பில் 14 அணிகளுக்கு எறிந்தார். அந்த அமைப்பில் மொத்தமே 30 அணிகள்தான். அவருக்கு முன் எந்த வீரரும் அத்தனை அணிச் சட்டை போட்டதில்லை.

இத்தனை இடம் மாறியவர் எங்கும் நிலைக்கத் தெரியாதவர் என்றுதான் பார்த்ததும் தோன்றும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் இருந்த கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. முற்பாதியில் அவர் நன்றாக எறிந்ததால் கைமாறினார். பிற்பாதியில் மலிவாகக் கிடைத்ததால் கைமாறினார். இரண்டு பாதியிலும் அவர் செய்த வேலை ஒன்றேதான். அது எப்படி என்பதை உள்கட்டிலிருந்தே பார்ப்போம்.

கல்லுக்கு முன்னால் எத்தனை பேர்?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் பந்துவீச்சாளர் ஆறு பந்து வீசிவிட்டு எல்லைக்கோட்டருகே போய் மூச்சு வாங்கலாம். பேஸ்பாலில் அது கிடையாது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்கும்வரை அதே பிட்சர் எறியவேண்டும், அது எட்டுப் பந்தில் முடிந்தாலும் சரி, முப்பது பந்து ஆனாலும் சரி. இடையில் அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப எறிய வரமுடியாது. கல்லை விட்டு இறங்கிய மாஸ்டர் அன்றைக்கு இறங்கியவர்தான்.

ஒரு நாளில் சுமார் 100 பந்து. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் தோளும் முழங்கையும் அதற்கு மேல் தாங்குவது அரிது. எறிந்து முடித்த பிட்சருக்கு நான்கு நாள் ஓய்வு. அதனால் ஒவ்வொரு அணியும் ஐந்து பேரை முறை வைத்து நிறுத்துகிறது, திங்கள் ஒரு மாஸ்டர், செவ்வாய் ஒருவர் என்பதுபோல. ஆட்டத்தைத் தொடங்கும் இந்த ஐவர் ஸ்டார்ட்டர்கள். அவர்கள் களைத்ததும் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் மட்டும் எறிய வருகிறவர்கள் ரிலீவர்கள், அதாவது கூட்டம் மிஞ்சும்போது கை கொடுக்கிற ஆட்கள்.

இப்போது மாவுக் கணக்கு. ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் 1,458 இன்னிங்ஸ். மழையால் தள்ளிப்போன ஆட்டத்தையும் பின்னால் ஆடித் தீர்க்கவேண்டும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்குள் அத்தனையும் ஊற்றி முடிக்கவேண்டும். முதல்தர ஸ்டார்ட்டர் ஒருவர் உடம்பு கெடாமல் இருந்தால் மிஞ்சிப்போனால் 200 இன்னிங்ஸ் அளவுக்குத் தருவார். ஐந்து பேருமே அப்படி வாய்த்தால்கூட 1,000தான். ஐந்து பேரும் அப்படி வாய்ப்பதில்லை என்பதுதான் உண்மை. ஒருவருக்கு முழங்கைத் தசைநார் கிழியும். அறுவைசிகிச்சை செய்தால் திரும்பிவர ஓராண்டுக்கு மேல் ஆகும். இன்னொருவருக்குத் தோள் வீங்கும். மூன்றாமவர் எறிகிற பந்தையெல்லாம் எதிரணி கூட்டத்துக்குள் அடித்து அனுப்பும். மே மாதம் முடிவதற்குள் எந்த அணியின் உள்கட்டிலும் ஒரு கல் காலியாகிவிடும்.

அந்தக் காலியிடம்தான் ஊர் மாறும் பிட்சரின் சோறு. முதலாளி அப்போது உலகத்திலேயே சிறந்த மாஸ்டரைத் தேடுவதில்லை. நாளை மாலைக்குள் வந்து நிற்கக்கூடிய, ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை கருகவிடாமல் ஊற்றக்கூடிய ஒருவரைத் தேடுகிறார். இந்தத் தேவை குறையவும் இல்லை, கூடிக்கொண்டே போகிறது. ஒரே பிட்சரை ஒரே ஆட்டத்தில் மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர்கள் அவரை நன்றாக அடிக்கிறார்கள் என்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டிவிட்டதால், மேனேஜர்கள் ஸ்டார்ட்டரை முன்பைவிடச் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்கள். ஒரு பருவத்துக்கு முப்பதையொட்டிய பிட்சர்களை ஒரே அணி பயன்படுத்துவது இன்று சாதாரணம்.

முதலாளிகளின் சட்டம்

நம் ஊர் மாஸ்டருக்கு ஒரு சுதந்திரம் உண்டு. சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த நாளே எதிர்க்கடையில் ஏறி நிற்கலாம். மேஜர் லீக் அப்படி இல்லை. முப்பது கடை முதலாளிகளும் ஒரே சங்கம். புதிய வீரர்களை வரிசைப்படி பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த கடைக்குத்தான் அவர் வேலை செய்யவேண்டும். முதல்தரத்தில் ஆறு ஆண்டு வேலை முடிந்த பிறகே தன் கடையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். அதிலும் ஒரு ஆண்டு என்று எழுத 172 நாள் பிரதான உள்கட்டில் இருந்திருக்கவேண்டும். முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய கடை தருகிற சம்பளம். நடு மூன்று ஆண்டு நடுவர் முன்னால் பேசி ஏற்றிக்கொள்ளும் சம்பளம். அதன் பிறகுதான் சந்தை விலை.

பிரதான உள்கட்டில் இப்போது 26 பேர் நிற்கலாம். 2019 வரை 25. அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல். பட்டியலில் இருந்தும் 26க்குள் வராதவர்கள் சின்ன ஊர்க் கிளைக் கடைகளில், அதாவது மைனர் லீக் அணிகளில் எறிவார்கள். ஒருவரைக் கிளைக்கு அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் மூன்று பருவங்களுக்கு முதலாளியின் விருப்பம். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். மூன்றும் தீர்ந்தபின் அனுப்ப நினைத்தால், முதலில் மற்ற 29 கடைகளிடமும் "இவர் உங்களுக்கு வேண்டுமா" என்று கேட்டாகவேண்டும். அந்தக் கேள்விதான் வெய்வர். யாராவது கை தூக்கினால் மாஸ்டர் அங்கே போய்விடுவார், அவருடைய சம்பளப் பொறுப்பும் கூடவே போய்விடும்.

நாடோடி பிட்சர்களின் வாழ்க்கையில் அடிக்கடி வரும் கட்டம் ஒன்று உண்டு. 40 பேர் பட்டியலில் இடம் தேவைப்படும்போது ஒருவர் பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழு நாள் கெடு. அதற்குள் அவரை வேறு கடைக்கு மாற்றலாம், வெய்வரில் விடலாம், கணக்கை முடித்து அனுப்பலாம். அந்த நாட்களில் மாஸ்டருக்கு ஏப்ரனும் இல்லை, விடுதலையும் இல்லை. வாடகை வீட்டில் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

பிரதான கடைக்கும் கிளைக் கடைக்கும் உள்ள சம்பள வித்தியாசம்தான் இந்தக் கெடுவைக் கொடூரமாக்குகிறது. 2023இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ கிளையில் அதே ஆண்டின் குறைந்தபட்சம் 35,800 டாலர். அதுவும் மைனர் லீக் வீரர்கள் முதன்முறையாகச் சங்கம் சேர்ந்து பெற்ற உயர்வுக்குப் பின் வந்த தொகை. ஒரே கை, ஒரே பந்து, இருபது மடங்கு வித்தியாசம். முதல்தரத்தில் 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை தொடங்கும் என்பதால், ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அந்த உலகத்தில் பலர்.

இருபதாவது பிறந்தநாள்

ஜாக்சன் 1983 செப்டம்பர் 9இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பள்ளி முடித்தவரை 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஆறாவது சுற்றில் எடுத்தது, அதுவும் மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டராக. சப்ளையராகச் சேர்ந்த பையனின் கையைப் பார்த்து முதலாளி கல்லில் ஏற்றிவிட்ட மாதிரி, அவர் தோளின் வலுவைப் பார்த்துப் பிட்சராக்கினார்கள்.

2003 செப்டம்பர் 9. அவருக்கு இருபது வயது நிறைந்த நாள். முதல் முதல்தர ஆட்டம். எதிரே அரிசோனா டைமண்ட்பேக்ஸ். அந்த அணிக்காக எறிய வந்தவர் ரேண்டி ஜான்சன், அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவர். ஜாக்சன் வென்றார். அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் அவர் லாஸ் ஏஞ்சலஸிலேயே பதினைந்து ஆண்டு இருப்பார் என்று நினைத்திருப்பார்கள்.

2004, 2005 இரண்டு ஆண்டும் கிளைக்கும் பிரதான கடைக்கும் நடையாய் நடந்தார். 2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரை இரண்டு ரிலீவர்களுக்கு மாற்றாக டாம்பா பே அணிக்கு அனுப்பியது. அந்த ஆண்டும் கிளை. 2007இல் 5 வெற்றி, 15 தோல்வி. இந்த எண்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பிட்சரின் பெயரில் எழுதுவார்கள். அவர் நன்றாக எறிந்தும் தன் அணி ரன் எடுக்காவிட்டால் தோல்வி அவர் கணக்கில்தான். சட்டினி கெட்டுப்போனதற்குத் தோசை மாஸ்டரைப் பழிப்பது போன்ற வழக்கம் இது. நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது, நியாயமானதும் அல்ல.

நன்றாக எறிந்ததற்காக

டாம்பா பே பொறுமையாக இருந்தது. 2008இல் ஜாக்சன் 14 வெற்றி பெற்றார். அதுவரை பெரும்பாலும் கடைசி இடத்திலேயே கிடந்த அணி அந்த ஆண்டு, மேஜர் லீக் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடர் வரை போனது. டிசம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்கு விற்றுவிட்டார்கள். ஏன்? டேவிட் பிரைஸ் என்ற இன்னொரு இளம் பிட்சர் கிளையில் தயாராகி வந்துவிட்டார். அவருக்குக் குறைந்த சம்பளம் போதும். ஜாக்சனோ சம்பளம் ஏறும் ஆண்டுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கையில் காசு குறைந்த முதலாளி, பெயர் எடுத்த மாஸ்டரை நல்ல விலை வரும்போதே அடுத்த கடைக்குத் தந்து, அவருக்குப் பதிலாக மேட் ஜாய்ஸ் என்ற இளம் அவுட்ஃபீல்டரை வாங்கிக்கொண்டார்.

டெட்ராய்ட்டில் 2009இல் 214 இன்னிங்ஸ் எறிந்து, 13 வெற்றி பெற்று, அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். பரிசாகக் கிடைத்தது மீண்டும் ஒரு பெட்டி கட்டல். மூன்று கடைகள் சேர்ந்து செய்த பெரிய மாற்றத்தில் அவர் அரிசோனாவுக்குப் போனார். கர்டிஸ் கிரான்டர்சன் நியூயார்க் யாங்கீஸுக்கு. அரிசோனாவிலிருந்து டெட்ராய்ட்டுக்குப் போன இளைஞர் மேக்ஸ் ஷெர்சர், பின்னாளில் அங்கே சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். ஒரு கடை தன் ஆல்-ஸ்டார் மாஸ்டரைத் தருவது அவர் மேல் உள்ள குறையால் அல்ல. அவருடைய விலை உச்சியில் இருக்கும் நாள் அதுதான் என்பதால் தருகிறது.

இனி 2010 ஜூன் 25. இந்த ஆட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கூரை போட்ட டிராபிகானா ஃபீல்டில், தன் பழைய கடையான டாம்பா பே அணிக்கு எதிராக ஜாக்சன் எறிந்தார். தொடக்கம் மிக மோசம். நான்கு தவறான பந்து எறிந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ரன்னுக்காகச் சுற்றிவரவேண்டிய நிலைகளில் முதலாவதுக்கு, நடந்து போகலாம். முதல் மூன்று இன்னிங்ஸுக்குள் ஏழு பேரை அப்படி நடக்கவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் யாரும் அவுட் ஆகாமலே மூன்று பேஸும் நிரம்பிவிட்டது. கல் சூடு பிடிபடாமல் முதல் ஏழு தோசையும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வையுங்கள். எந்த மேனேஜரும் அந்தக் கட்டத்தில் இன்னொருவரைத் தயார் செய்யச் சொல்வார்.

அதன் பிறகு அவருக்குக் கல் பிடிபட்டது. அந்த மூன்று பேரில் ஒருவரையும் ரன் எடுக்கவிடவில்லை. இன்னிங்ஸ் இன்னிங்ஸாக ஓடியது. பந்தை அடித்து பேஸைச் சேரும் ஹிட் ஒன்றுகூட எதிரணிக்கு விழவில்லை. பந்து எண்ணிக்கை 100ஐத் தாண்டியது, 120ஐத் தாண்டியது. மேனேஜர் ஏ.ஜே. ஹிஞ்ச் அவரிடம் நிலைமையைக் கேட்டபடியே இருந்தார், ஜாக்சன் இறங்க மறுத்தார். கடைசிப் பந்து 149ஆவது. எட்டு பேரை நடக்கவிட்டு, ஒருவர் உடம்பில் பந்தை அடித்து, ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தார். அரிசோனா 1-0 என வென்றது. அந்த ஒரே ரன் ஆடம் லாரோஷ் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி அடித்த ஹோம்ரன். நோ-ஹிட்டர் எனப்படும் இந்தச் சாதனையை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாத மாபெரும் பிட்சர்கள் பலர் உண்டு. சுத்தமான நோ-ஹிட்டர்களைவிட இந்தக் கரடுமுரடான ஒன்றே எனக்கு உயர்ந்ததாகத் தெரிகிறது. கை ஒத்துழைக்காத நாளிலும் வேலையை முடித்துவிட்டுத்தான் கல்லை விட்டு இறங்குவேன் என்று நின்றவரின் ஆட்டம் அது.

149 பந்து என்பது இன்றைய பேஸ்பாலில் யாரும் அனுமதிக்காத எண்ணிக்கை. ஒரு வாரத்துக்குள் ஹிஞ்ச் மேனேஜர் வேலையை இழந்தார், காரணம் அணியின் தொடர் தோல்விகள். அடுத்த மாதம் 30ஆம் தேதி ஜாக்சனும் போய்விட்டார், சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு. ஜூலைக் கடைசியை ஒட்டித்தான் பேஸ்பாலில் மாற்றங்களுக்கான கெடு நாள் வரும். கடைசி இடத்தில் கிடந்த அரிசோனாவுக்கு அடுத்த ஆண்டுகளுக்கான இளம் கை தேவை. பட்டத்துக்குப் போட்டியிடும் சிகாகோவுக்கு அந்த மாதமே ஊற்றத் தெரிந்த கை தேவை. நோ-ஹிட்டர் எறிந்து ஐந்து வாரத்தில் கடை மாறினார்.

ஒரே நாளில் இரண்டு கடை

2011 ஜூலை 27 அன்று நடந்தது இந்த இயந்திரத்தின் பல்சக்கரங்களை வெளியே எடுத்துக் காட்டுகிறது. ஒயிட் சாக்ஸுக்கு மார்க் டீஹென் என்ற வீரரின் சம்பளச் சுமையை இறக்கவேண்டும். டொராண்டோ புளூ ஜேஸுக்கு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் இருந்த கோல்பி ராஸ்மஸ் வேண்டும். கார்டினல்ஸுக்குப் பிட்சர்கள் வேண்டும். டொராண்டோ, டீஹெனையும் ஜாக்சனையும் வாங்கியது. அதே நாளில் ஜாக்சனை இன்னும் மூன்று பேரோடு செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டது. டொராண்டோவில் அவர் ஒரு பந்தும் எறியவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் பெயர் மட்டும் ஒரு கடைப் பதிவேட்டில் ஏறி இறங்கியது.

அன்று அவரோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்களில் ஆக்டேவியோ டோட்டெல் என்ற ரிலீவரும் இருந்தார். 13 அணிகள் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டியவர் அவர்தான். அந்தச் சாதனையைப் பின்னாளில் முறியடித்தவர் ஜாக்சன். இருவரும் ஒரே பார்சலில் செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அக்டோபரில் கார்டினல்ஸ் டெக்சாஸ் ரேஞ்சர்ஸை ஏழு ஆட்டத்தில் வீழ்த்தி உலகத் தொடரை வென்றது. நான்காவது ஆட்டத்தைத் தொடங்கிய ஜாக்சன் அதில் தோற்றார். ஆனாலும் சாம்பியன் மோதிரம் அவர் விரலுக்கு வந்தது, டோட்டெலுக்கும் வந்தது.

இப்படி மாறும்போது மாஸ்டர் புதிதாகக் கற்கவேண்டியது நிறைய. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி சூடேறும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மிச்சிகன் ஏரிக் காற்று ஒரு நாள் உள்ளே வீசும், மறுநாள் வெளியே வீசும். வெளியே வீசும் நாளில் சாதாரணமாகத் தூக்கி அடித்த பந்தும் ஹோம்ரனாகிவிடும். ஃபீனிக்ஸின் வறண்ட காற்றில் பந்து தூரம் போகும். சான் டியேகோவின் கடலோரக் காற்றில் போகாது. பந்தைப் பிடிக்கும் கேட்சர் மாறுவார், ஜாக்சன் காலத்தில் அவர் விரல் சைகைகளும் மாறும். பயிற்சியாளர் மாறுவார், அவர் பந்தைப் பிடிக்கும் விதத்தையே மாற்றச் சொல்வார். முந்தைய கடையில் "இப்படி ஊற்று" என்று சொல்லிக் கொடுத்ததை இந்தக் கடையில் மறக்கச் சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் 2007 முதல் 2013 வரை ஏழு ஆண்டும் ஆண்டுக்கு 31 ஆட்டத்துக்குக் குறையாமல் அவர் தொடங்கினார். ஐந்து பேரில் ஒருவராக இருப்பவர் ஒரு முறைகூடத் தவறவிடாமல் இருந்தால்தான் இந்த எண்ணிக்கை வரும். அவருடைய தொழிலின் மதிப்பை அளக்க இதைவிட நேர்மையான எண் இல்லை என்பது என் கருத்து.

52 மில்லியன் டாலர், அதன் பிறகு

ஆறு ஆண்டுக் கணக்கு முடிந்து 2012இல் தன் கடையைத் தானே தேர்ந்தெடுத்தார். வாஷிங்டன் நேஷனல்ஸில் ஓராண்டு, 11 மில்லியன் டாலர். அடுத்து சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுக்கு 52 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஊரில் வீடு பார்க்கும் நிலை. அங்கேதான் கை தடுமாறியது. 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 2015 ஜூலையில் கப்ஸ் அவரை விடுவித்தது.

இங்கே சட்டத்தின் இன்னொரு வினோதம் வேலை செய்யத் தொடங்குகிறது. மேஜர் லீக் ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்தை, ஆளை அனுப்பிவிட்டாலும் பழைய முதலாளி கடைசிப் பைசா வரை கட்டவேண்டும். புதிய கடை குறைந்தபட்ச சம்பளம் மட்டும் கொடுத்தால் போதும். மீதியைக் கப்ஸ் கட்டும். ஆகவே 2015 ஆகஸ்டில் அட்லாண்டா பிரேவ்ஸ், 2016இல் மயாமி மார்லின்ஸ், அதே ஆண்டு சான் டியேகோ பாட்ரேஸ் என்று மூன்று கடைகள் அனுபவமுள்ள ஒரு மாஸ்டரைக் கிட்டத்தட்ட பேட்டாக் காசுக்கு எடுத்துக்கொண்டன. 2016இல் கப்ஸ் 108 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் உலகத் தொடரை வென்றபோது, வேறு அணிக்கு எறிந்த ஜாக்சனின் சம்பளமும் அதன் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒப்பந்தம் முடிந்ததும் கிளைக் கடைக் காலம். 2017இல் பால்டிமோர், திரும்பவும் வாஷிங்டன். 2018இல் வாஷிங்டனின் கிளையில் எறிந்தும் பிரதான கடைக்கு அழைப்பு வராததால் விலகிக்கொண்டு ஓக்லண்டில் சேர்ந்தார். அந்த ஆண்டு ஓக்லண்டின் ஸ்டார்ட்டர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூன் கடைசியில் 34 வயது ஜாக்சனைக் கல்லில் ஏற்றினார்கள். 17 ஆட்டம் தொடங்கி, 6 வெற்றி, 3 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்தது சராசரி 3.33 ரன். ஓக்லண்ட் 97 ஆட்டம் வென்று அடுத்த கட்டத்துக்குப் போனது. மே மாதத்தில் காலியாகும் கல் என்று மேலே எழுதினேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அது அவருடைய 13ஆவது அணி.

2019 மே மாதம் ஓக்லண்ட் அவரை டொராண்டோவுக்கு விற்றது. பதிலுக்கு வந்தது ரொக்கம் மட்டுமே. எட்டு ஆண்டு முன்பு பெயர் மட்டும் ஏறி இறங்கிய அதே கடை. மே 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு எதிராக அந்தச் சட்டையில் எறிந்தபோது 14 என்ற எண் வந்தது. டொராண்டோவில் மிக மோசமாக அடி வாங்கினார். அதன் பின் பழைய டெட்ராய்ட் மறுபடியும் கூப்பிட்டது, அங்கே அவரது முதல்தர வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 107 வெற்றி, 133 தோல்வி, சராசரி 4.78.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். மேஜர் லீக் கடைகள் தங்கள் 40 பேர் பட்டியலில் இருந்தவர்களை அனுப்பவில்லை. அதனால் அமெரிக்க அணி இளம் கிளை வீரர்களாலும் கடை இல்லாத பழைய மாஸ்டர்களாலும் அமைந்தது. 37 வயது ஜாக்சன் போனார், 2008இல் டாம்பா பேயில் அவரோடு எறிந்த ஸ்காட் காஸ்மிரும் போனார். இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 எனத் தோற்று வெள்ளி வாங்கி வந்தார்கள். 2022 செப்டம்பரில் ஜாக்சன் ஓய்வை அறிவித்தார்.

107-133 என்ற வரியை மட்டும் பார்த்து அவரைத் தோற்றவர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதினேழு பருவங்களில் ஏறக்குறைய 1,960 இன்னிங்ஸ் எறிந்திருக்கிறார். அவற்றை யாராவது எறிந்தே ஆகவேண்டியிருந்தது. பதினான்கு முதலாளிகள் அந்த வேலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள், அவர் போய் நின்றார்.

அவருடைய எண்ணிக்கையை இதுவரை ஒருவர்தான் எட்டியிருக்கிறார். சங்கத்துக்கு வெளியே இருக்கும் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற சிறு அணியில் 2015இல் எறிந்து, அங்கிருந்து முதல்தரத்துக்குத் திரும்பிய ரிச் ஹில். 2025 ஜூலை 22இல் தன் 45ஆவது வயதில், கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக எறிந்து 14ஐத் தொட்டார். இரண்டு ஆட்டம் முடிந்ததும் ராயல்ஸ் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.